கொற்றவன்குடிக்கு வந்த கைச்சீட்டு

சிலப்பதிகாரம் கற்றோர் மாதவி விடுத்த ஓலைகள் இரண்டையும் மறந்திரார். முதலாவது, பித்திகை முகையை எழுத்தாணியாகக் கொண்டு செம்பஞ்சுக் குழம்பு தோய்த்துத் தாழை மடலில் எழுதப்பட்டது. அதனை வசந்தமாலை கொண்டுசென்றாள். கோவலன் வாங்க மறுத்தான். இரண்டாவதைக் கோசிகன் என்னும் அந்தணன் மதுரைக்குச் செல்லும் வழியிலே கோவலனைக் கண்டு கொடுத்தான். மண் இலச்சினையிலே மாதவியின் கூந்தல் மணம் இருந்தது. பிரித்துப் படித்த கோவலன், அவள்மேற் குற்றமில்லை என்று தெளிந்தான். பின்னர் அவன் செய்த செயல்தான் வியப்புக்குரியது. அவ்வோலையின் வாசகம், தான் தன் தாய் தந்தையர்க்கு எழுத வேண்டிய வாசகமாகவும் பொருந்தியிருப்பதைக் கண்டு, அதனையே அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்குமாறு கோசிகனை வேண்டினான். எழுத்திலே ஒன்றும் மாறவில்லை. காதலி காதலனுக்கு எழுதியது, மகன் பெற்றோர்க்கு எழுதியதாயிற்று.

அன்பினாலே விடுக்கப்படும் ஓலைக்கு இவ்வாறு உள்ளே ஒரு பொருள் உறங்குதல் தமிழர்க்குப் புதியதன்று. சைவ மரபிலோ இது பெருவழக்கு. உயிரைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் வைத்துப் பாடிய அடியார் பலர். தலைவனாகிய இறைவனும் வாளா இருந்தானல்லன். திருவாலவாயுடையார் பாணபத்திரர் கையிலே சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் எழுதி விடுத்த செய்தியைப் பதினோராந் திருமுறை கற்ற எமது மாணவர் அறிவர். ஆயினும், தாமும் ஒரு காதற்றூது விடுத்து, இறைவனிடமிருந்தும் ஓர் ஓலையைப் பெற்றவர் என்று ஒருவரைக் கூறப்புகின், எமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சந்தான குரவருள் நான்காமவராகிய உமாபதி சிவாசாரியரே. வகுப்பறையிலே சமயபாடத் தேர்வுக்கென அவர் பெயரையும் நூல்களின் பெயரையும் மனனஞ் செய்தவர் எம்முள் எத்துணையோ பேர். அவர் வரலாற்றை நிறுத்தி எண்ணிப் பார்த்தவர் சிலரேயாவர். இம்மலரிலே அதனைச் சிறிது விரித்துக் கூற விரும்புகின்றோம்.

மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியர், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவாசாரியர் என்பது சந்தான பரம்பரை. சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற ஆதிசைவ முதியவரான அருணந்தியார், வேளாளர் குலத்திலே தோன்றிய இளையவராகிய மெய்கண்டாரை அடைந்து மாணவரானார் என்பதிலிருந்தே இப்பரம்பரையின் இயல்பு விளங்கும். ஞானம் எங்கே இருந்ததோ அங்கே சென்று வணங்கினார்கள். குலமும் வயதும் குறுக்கே நின்றில. உமாபதியார் தில்லைவாழ் அந்தணர் மரபிற் பிறந்தவர். வேதமும் ஆகமமும் ஓதியவர். கூத்தப்பெருமானைப் பூசிக்கும் உரிமை பூண்டவர். அவர் இயற்றிய சங்கற்ப நிராகரணத்திலே சகம் 1235 என்னும் ஆண்டு குறிக்கப்பட்டிருத்தலால், அதாவது கிறிஸ்து ஆண்டு 1313 ஆதலால், காலம் பற்றிய ஐயம் எமக்கில்லை. பண்டைத் தமிழாசிரியர் பலருக்கு இத்தகைய தெளிவு வாய்க்கவில்லை.

பூசை முடித்துத் திரும்பும்போது அவர் முத்துச் சிவிகையிலே வருவார். பகலிலும் தீவட்டி முன்னே செல்லும். அது அவருக்கு வாய்த்த வரிசை. ஒருநாள் அவ்வாறு வருகையிலே, தெருத் திண்ணையொன்றில் மாணவரோடு இருந்த மறைஞானசம்பந்தர் அதனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். உயிரற்ற மரத்தின்மேற் பகலிலே கண் தெரியாத ஒருவர் போகிறார் என்பது அதன் கருத்து. கேட்டோர்க்கு அது பகடி. பட்ட மரத்தாற் செய்தது சிவிகை. பகலில் விளக்குப் பிடிப்பது கண்ணில்லாதவர்க்கன்றி வேறு யாருக்கு? ஆனாற் சிவிகைக்குள்ளே இருந்தவர் செவியில் அது வேறு பொருளாய் விழுந்தது. ஞானசூரியன் எதிரே நிற்கவும் அதனைக் காணமாட்டாது, சடமாகிய உடம்பின்மேல் ஏறிச் செல்லும் உயிரைக் குறித்தே இது சொல்லப்பட்டது என அவர் உணர்ந்தார். உடனே கீழே குதித்தார். மறைஞானசம்பந்தர் எழுந்து ஓடினார். இவர் பின்தொடர்ந்து ஓடினார்.

நெசவாளர் தெருவிலே நூலுக்குப் பசையூட்டும் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தனர். மறைஞானசம்பந்தர் அவர்களிடம் கையேந்திக் கூழை வாங்கிப் பருகினார். முழங்கை வழியே ஒழுகியதை உமாபதியார் தம் கையிலேந்தி, குருவின் பிரசாதம் என்று உண்டார். தில்லையிலே இந்தச் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! நெசவாளர் கொடுத்த கூழை, அதுவும் பிறர் கையில் ஒழுகியதை உண்டவர் கூத்தப்பெருமானைத் தீண்டலாகாது என்று மரபினர் விலக்கினர். சிவிகையும் தீவட்டியும் போயின. பூசை முறையும் போயிற்று. உமாபதியார் தில்லையை அடுத்த கொற்றவன்குடியிலே மடம் அமைத்து இருக்கலானார். இந்நாளில் ஊர்விலக்கு என்பது பழங்கதைச் சொல்லாய்விட்டபடியால், அதன் கொடுமையை நாம் எளிதாகக் கடந்துவிடுகின்றோம். தம் வாழ்வு முழுவதும் எந்தச் சந்நிதியிலே நின்றாரோ அந்தச் சந்நிதியின் மணியோசை கேட்குந் தொலைவிலே, உள்ளே புகவொண்ணாது இருத்தல் எத்தகையதென்பதை நினைந்து பார்த்தல் வேண்டும்.

கோயிலிலே திருவிழா வந்தது. கொடி ஏறவில்லை. உமாபதியார் வந்தாலன்றி ஏறாது எனத் திருவருளால் உணர்த்தப்பட்டு, விலக்கியவர்களே அவரை அழைத்தனர். அவர் நான்கு செய்யுள் பாடக் கொடி ஏறிற்று. அந்நான்கும் கொடிக்கவி என்னும் பெயரோடு சித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாய் எண்ணப்படுகின்றன. எமது அரியாலையிலும், யாழ்ப்பாணத்தின் பிற ஊர்களிலும், கொடியேற்றத்தன்று கொடித்தம்பத்தின் முன்னே பெரியோர் அதனை ஓதுவர். கற்பூரப் புகையும் மேளமும் அரோகரா ஒலியும் மிகுந்த அந்த வேளையிலே, இது ஊரார் விலக்கிவைத்த ஒருவரின் பாட்டு என்பதை நினைப்பார் மிகச் சிலர்.

இனி அவர் விடுத்த தூதுக்கு வருவோம்.

நெஞ்சுவிடு தூது என்பது அதன் பெயர். கலிவெண்பாவால் இயன்றது. தனி நூலாக நமக்குக் கிடைத்துள்ள தூதுகளுள் இதனையே முற்பட்டதாக ஆராய்ச்சியாளர் கொள்வர். தலைவனைப் பிரிந்த தலைவி அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்னும் பத்தனுள் ஒன்றைத் தூது விடுத்து, அவன் மாலையை வாங்கிவரப் பணித்தல் இவ்வகை நூலின் இலக்கணம். மாலை தந்தான் எனின் மனமிசைந்தான் என்பது குறிப்பு. உமாபதியார் பத்தினுள்ளும் நெஞ்சைத் தெரிந்தெடுத்தார். அன்னமும் கிளியும் போனால் விடுத்தவள் வீட்டிலிருந்து வழிபார்த்திருப்பாள். நெஞ்சே போய்விட்டாற் பின்னே இருந்து காத்திருப்பவர் யார்? தூது விடுத்தவளே தூதாகவும் போகும் இந்த நிலை, உலகியற் காதலுக்கு ஓர் அலங்காரம். சித்தாந்திக்கோ அதுவே சாதனை. பசு தன்னை மறந்து பதியை நோக்கிச் செல்லும் வழி அது.

தலைவன் அங்கே பெயரளவில் குருவாகிய மறைஞானசம்பந்தர். குருவடிவிலே வந்த சிவம் என்பது கருத்து. அவனுக்கு மலை, ஆறு, நாடு, ஊர், தார், குதிரை, யானை, முரசு, கொடி, ஆணை எனப் பத்து உறுப்புக்கள் கூறப்படுகின்றன. இவை தசாங்கம் எனப்படும். அரசர்க்குரிய இப்பத்தையும் மேலோட்டமாய்ப் படிப்பவன், யாரோ ஒரு மன்னன்மேல் மையல் கொண்ட பெண்ணின் புலம்பல் என்றே கொள்வான். உள்நுழைந்து பார்த்தால், அங்கே ஆறு நீரோடும் ஆறன்று. ஊர் மதில் சூழ்ந்த ஊருமன்று. ஒவ்வொன்றும் சித்தாந்தப் பொருளொன்றைச் சுமந்து நிற்கின்றது. வழியிலே யார் யாரிடம் தங்கலாகாது என்று தலைவி நெஞ்சுக்கு எச்சரிக்கை கூறும் பகுதியும் அத்தகையதே. உலகாயதர், மாயாவாதியர் முதலியோர் கொள்கையிலே நெஞ்சு சிக்கிக்கொள்ளலாகாது என்பது அவள் அச்சம். காதலிக்கு வழியிடை வேறொரு வீட்டில் தூது தங்கிவிடுமோ என்ற கவலை. ஆசிரியருக்கு மாணவன் மாறுபட்ட சமயத்தில் நின்றுவிடுவானோ என்ற கவலை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் அமைந்து கிடக்கின்றன. ஈற்றிலே வேண்டப்படுவது கொன்றை மாலை. கொன்றை சிவபெருமானுக்குரிய அடையாளப் பூ என்பதோடு, பிரணவ வடிவானது என்றும் பெரியோர் கூறுவர். ஆகவே மாலை வாங்கிவா என்ற வேண்டுகோள், ஞானோபதேசம் பெற்றுவா என்ற வேண்டுகோளாகவும் ஆயிற்று.

இந்நூலைக் கற்பிக்கும் பண்டிதர்களுள் உட்பொருளிலேயே முழுதும் ஆழ்ந்து, மேற்பொருளாகிய காதலை உமி எனத் தள்ளிவிடுவோர் உளர். அது எமக்கு உடன்பாடன்று. உமாபதியார் குருவைக் கண்ட அன்றே சிவிகையிலிருந்து குதித்து ஓடியவர். ஏங்கத் தெரிந்தவர். அந்த ஏக்கம் மெய்யாக இருந்தமையால்தான் தலைவியின் வாய்மொழி அவருக்கு வேடமாக அமையாது இயல்பாய் வந்தது.

அவர் விடுத்த தூது இது. அவருக்கு வந்த ஓலை வேறு வகையானது. எது முன், எது பின் என்னும் காலமுறையை நாம் கருதவில்லை. பொருள்முறையில் அதனை இதற்கு மறுமொழியாகவே எண்ணுகின்றோம்.

தில்லையிலே பெற்றான் சாம்பான் என்று ஓரடியார் இருந்தார். தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கிய குலத்தவர். உமாபதியார் மடத்துக்கு நாள்தோறும் விறகு கொண்டுவந்து கொடுத்தல் அவர் மேற்கொண்ட தொண்டு. சிவனடியார் உண்ணும் சோறு தாம் வெட்டிய விறகில் வேகின்றது என்பதே அவருக்குப் போதுமானதாயிருந்தது. இவர் கையிலே தில்லைப்பெருமான் ஒரு சீட்டைக் கொடுத்து, கொற்றவன்குடியில் இருப்பவரிடம் சேர்ப்பிக்கச் செய்தான் என்பது வரலாறு. அச்சீட்டு ஒரு வெண்பா. தன்னை அடியார்க்கு எளியவனாகிய சிற்றம்பலவன் என்று அறிமுகஞ் செய்துகொண்டு, கொற்றவன்குடியாருக்கு எழுதும் கைச்சீட்டு இது என்று கூறி, பெற்றான் சாம்பானுக்கு வேற்றுமை பாராட்டாது தீக்கை செய்து முத்தி கொடுத்தல் முறையென்று இறைவன் அதிற் பணித்திருந்தான்.

சேரமானுக்கு வந்த திருமுகத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. அங்கே ஓலை கொண்டு சென்ற பாணருக்குப் பொருள் வேண்டப்பட்டது. வேண்டப்பட்டவர் அரசர், கொடுக்கக் களஞ்சியம் இருந்தது. இங்கே வேண்டப்பட்டவர் ஊரால் விலக்கப்பட்ட ஓர் ஆசாரியர். ஓலை கொண்டு வந்தவர் ஊருக்குள்ளே ஒருபோதும் சேர்க்கப்படாதவர். கேட்கப்பட்டதோ முத்தி. காதல் நூல்களிலே தூது வேறு, தூதுப்பொருள் வேறு. இந்தச் சீட்டிலே சுமந்து வந்தவரே சீட்டின் பொருளாக இருந்தார். அவர் பெயரும் பெற்றான் என்று இறந்தகாலத்திலேயே அமைந்திருப்பது தற்செயலாயினும் இனிமையாயிருக்கின்றது.

கைச்சீட்டு என்ற சொல்லையும் சிறிது நோக்குக. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கடன் பட்டவன் எழுதிக் கொடுப்பது கைச்சீட்டு. திருமுகம் என்றோ அருளாணை என்றோ பெருமிதமாய்ச் சொல்லியிருக்கலாம். அவ்வாறன்றி, கடன் பத்திரத்தின் பெயரால் இறைவன் எழுதினான். விறகு சுமந்த தோளுக்குத் தான் பட்ட கடனை அடைக்கக் கொற்றவன்குடியார்மேல் உத்தரவு விடுத்தான் போலும். வெண்பா முறை என்னும் சொல்லோடு முடிகின்றது. முறை என்பது நியாயம். கோயில்களிலே பூசைத் தவணைக்கும் அதுவே பெயர். பொன்னம்பலத்திலே பூசை முறையை இழந்தவருக்கு, அம்பலவன் தன் கையெழுத்தாலே வேறொரு முறையைக் கொடுத்தான் என்று நாம் படித்தால் அது மிகையாகுமா? உரைகாரர் எவரும் அவ்வாறு கூறவேண்டும் என்பது எம் வாதமன்று. இருபொருள் தரும் ஓலையிலே மூன்றாவது பொருளொன்றைக் காணும் உரிமை, மாதவியின் ஓலையைப் பெற்ற கோவலன் காலந்தொட்டுப் படிப்போர்க்கு உண்டு.

சீட்டைப் படித்த உமாபதியார் தாமதிக்கவில்லை. தீக்கை வகைகளிலே சமயம், விசேடம், நிருவாணம் என்று படிமுறை உண்டு. நிருவாணத்திலும் இருவகை: பிராரத்த வினையை உடம்போடிருந்து நுகர்ந்து முடிக்கவிடுவது ஒன்று, அப்பொழுதே உடம்பு நீங்க முத்தி தருவது மற்றொன்று. பின்னையது சத்தியோ நிருவாணம் எனப்படும். முத்தி கொடுக்க என்று எழுதப்பட்டிருந்தமையால், உமாபதியார் அதனையே செய்தார். பெற்றான் சாம்பான் சோதியிற் கலந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிதாயிருக்கும். சாம்பானுக்கு மனைவி இருந்தாள். காலையிலே விறகு கொண்டு போன கணவன் திரும்பவில்லை. மடத்தார் அவனை எரித்துவிட்டனர் என்று அவள் அரசனிடம் சென்று முறையிட்டாள். இந்த ஏழைப் பெண்ணின் முறையீட்டை வரலாறு மறைக்காமல் வைத்திருப்பதை நாம் பெரிதும் மதிக்கின்றோம். அவளுக்கு எந்தச் சீட்டும் வரவில்லை அன்றோ? அரசன் வந்து வினாவினான். உமாபதியார் நடந்ததைக் கூறினார். நம்பத் தயங்கிய அரசன் முன்னே, இறைவனுக்கு ஆட்டிய திருமஞ்சன நீர் பாய்ந்து வளர்ந்த முள்ளிச் செடி ஒன்றுக்கு அதே தீக்கையைச் செய்தார். முள்ளியும் சோதியாயிற்று. அபிடேக நீர் குடித்த செடிக்குப் பக்குவம் வருமெனின், அடியார்க்கு விறகு சுமந்தவருக்கு வரத் தடையென்ன என்பது அதன் குறிப்பு. அரசன் தெளிந்து வணங்கினான். மனைவியின் துயரம் எவ்வாறு ஆறிற்றென்பதை வரலாறு கூறாது போயிற்று.

யாழ்ப்பாணத்துக் கோயிலொன்றிலே எமது இளமைக் காலத்தில் நடைபெற்ற புராணபடனம் இங்கே நினைவுக்கு வருகின்றது. ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவர். பயன் சொன்னவர் இந்தச் சாம்பான் கதையை எடுத்து உருக்கமாகக் கூறினார். மண்டபத்திலிருந்தோர் கண்கலங்கினர். பந்தலுக்குத் தென்னோலையும், மடைப்பள்ளிக்கு விறகும் கொண்டுவந்து இறக்கியவர்கள் வெளிவீதிக்கு அப்பால், வேலியோரத்திலே, தோளிலிருந்த துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு நின்று கேட்டனர். உள்ளே வாருங்கள் என்று அவர்களை அழைத்தார் ஒருவருமில்லை. பயன் சொன்னவருக்கும், கண்கலங்கியவர்க்கும், சிறுவராயிருந்த எமக்கும் அதிலே முரண் ஒன்றும் தோன்றவில்லை. வேலியோரத்தில் நின்றவர்களுக்கு என்ன தோன்றியது என்று எவரும் கேட்டதுமில்லை.

சாதி காரணமாக ஒருவரை வழிபாட்டிடத்திலே தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957 இல் வந்தது. அதன் பின்னரும் பதினொரு ஆண்டு கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே சென்று வழிபட உரிமை வேண்டி மக்கள் அறப்போர் செய்ய வேண்டியிருந்தது. தடுத்து நின்றோரிலும் சைவசித்தாந்தம் கற்றோர் இருந்தனர். ஆங்காங்கே கொடியேற்றங்களிலே கொடிக்கவி ஓதப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. தில்லையிலிருந்து கொற்றவன்குடிக்கு ஒரே பொழுதிற் போய்ச் சேர்ந்த சீட்டு, பாக்குநீரிணையைக் கடந்து எம்மிடம் வர அறுநூறு ஆண்டுக்கு மேலாயிற்று. அதனைப் பெற்றுக்கொண்டோம் என்று எல்லோரும் இன்னும் கையொப்பமிட்டாரல்லர்.

உமாபதியாரின் ஏனைய நூல்களைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். சிவப்பிரகாசம் நூறு விருத்தங்களாலும், திருவருட்பயன் பத்து அதிகாரங்களில் நூறு குறள் வெண்பாக்களாலும் ஆனவை. சித்தாந்தம் பயிலப் புகுவோர் திருவருட்பயனிலே தொடங்குதல் நன்று. வினாவெண்பா முழுவதும் குருவை முன்னிலைப்படுத்திக் கேட்ட வினாக்கள். அதுவும் விடை வேண்டி விடுத்த ஓலை போன்றதே. போற்றிப்பஃறொடை, சங்கற்ப நிராகரணம் என்பனவும் அவருடையன. உண்மைநெறி விளக்கத்தை அவருடையதென்போரும் சீகாழித் தத்துவநாதருடையதென்போரும் உளர். கோயிற்புராணமும், சேக்கிழார் வரலாறு கூறும் நூலும், திருமுறைகண்ட புராணமும் அவர் பெயரால் வழங்குகின்றன. கோயிற்புராணத்துக்கு உரை கண்டவர் எமது நல்லூர் ஆறுமுக நாவலர். 1864 இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவரும் அவரே. வடமொழியிலே பௌட்கராகமத்துக்கு ஒரு பேருரையும் உமாபதியார் பெயரால் நிலவுகின்றது. தில்லையை விட்டு விலக்கப்பட்டவர் தில்லையின் புராணத்தையே பாடினார் என்பது எண்ணுந்தோறும் எம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. அந்நூலிலே மனக்கசப்பின் சுவடு ஒன்றையும் நாம் கண்டிலோம்.

கொற்றவன்குடியிலே அவருடைய திருக்கோயில் இருக்கின்றது. சித்திரை மாதத்து அத்த நட்சத்திரத்திலே அவர் குருபூசை நடைபெறும். சிதம்பர தரிசனத்துக்குச் செல்லும் எம்மவர் பொன்னம்பலத்தோடு திரும்பிவிடாமல், அங்கும் ஒருமுறை சென்று வருவாராக. சாம்பான் விறகோடு நடந்த வழியும் அதுவே.